ஓய்வுக்குப் பிறகும் பள்ளிக்கூடம்: மேலாண்மைக் குழுவில் முன்னாள் ஆசிரியரின் இடம்

தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, என்னென்ன தேவை என்று திட்டமிடுவது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று கணக்குக் கேட்பது ஆகியவை அதன் வேலைகள். குழுவின் பெரும்பான்மை பெற்றோருடையது. மிச்சமிருக்கும் சில இடங்களில் ஒன்று உள்ளூர்க் கல்வியாளருக்கோ கல்வி ஆர்வலருக்கோ உரியது. கிராமங்களில் அந்த இடத்துக்கு ஊரார் முதலில் தேடிப் போவது ஓய்வுபெற்ற ஆசிரியரை.

அந்த இடத்துக்குச் சம்பளம் கிடையாது. காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் கிடையாது. குழுவின் தலைவராகவோ துணைத் தலைவராகவோ வர வேண்டுமானால், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோராக இருக்க வேண்டும். ஆகவே முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய தலைமையாசிரியரும் இங்கே ஒரு சாதாரண உறுப்பினர்தான். ஆனாலும் குழு உயிரோடு இயங்குவதும், கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்குவதும் பல நேரங்களில் இந்த ஒருவரைப் பொறுத்தே அமைகின்றன. பெற்றோரின் குறையை அலுவலகம் மறுக்க முடியாத தீர்மானமாக மாற்றும் பயிற்சி அவரிடம்தான் இருக்கிறது.

ரஞ்சன்குடி வட்டாரம்

இதை ஒரு வட்டாரத்தை வைத்துப் பார்க்கலாம். பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில், திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ரஞ்சன்குடி. 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டையால் வெளியூராருக்குத் தெரிந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. மழையை நம்பிய மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். பிள்ளைகளின் பள்ளி வருகையும் பெற்றோர் கூட்டத்துக்கு வர முடிவதும் இந்தப் பயிர்களின் பருவத்தோடு பின்னிக் கிடக்கின்றன. தை, மாசியில் பருத்தி எடுப்பு தொடங்கிவிட்டால் பகலில் ஊரில் ஆள் இருக்காது.

நிர்வாக வரைபடத்தில் இந்தப் பகுதியின் மாவட்ட எல்லைகள் பலமுறை மாறின. நெடுங்காலம் திருச்சி மாவட்டத்தின் ஒரு மூலை. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது; 2002-இல் மீண்டும் இணைந்தது; 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரு மாவட்டங்களின் எழுத்தறிவும் 80 சதவீதமான மாநிலச் சராசரிக்குக் கீழே இருந்தது. எனவே இங்கே பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் கணிசமானோர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள்.

அதே மண் சில ஆண்டுகளாக வேறொரு செய்தியையும் சொல்கிறது. 2022 பிளஸ் 2 பொதுத்தேர்வில் 97.95 சதவீதத் தேர்ச்சியோடு பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. 2023 பத்தாம் வகுப்புத் தேர்விலும் 97.67 சதவீதத்தோடு முதலிடம். 2024 பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதம், 2025 பிளஸ் 2-வில் 98.82 சதவீதம் என்று முதலிடம் அரியலூருக்குப் போனது. இதை மேலாண்மைக் குழுக்களின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. உழைப்பு ஆசிரியர்களுடையதும் மாணவர்களுடையதும். ஆனால் எழுத்தறிவில் பின்தங்கிய இடத்திலிருந்து தேர்ச்சியில் முன்வரிசைக்கு வந்த அந்தப் பயணத்தின் நடுப்பகுதி முழுவதையும் வகுப்பறையில் நின்று பார்த்த ஒரு தலைமுறை ஆசிரியர்கள் இப்போது ஓய்வுபெற்று இந்த ஊர்களில் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வுபெறுவோர் ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் தொடர்வதும் உண்டு. ஆக, பள்ளியை விட்டு வெளியே வரும்போது கையில் இருப்பது பழைய நினைவு மட்டுமல்ல. பள்ளித் தகவல்களைப் பதியும் எமிஸ் இணையதளம், செயலிகள் வரை பழகிய அண்மைய அனுபவமும்தான்.

திண்ணையிலிருந்து ஒன்றியம் வரை

ஊர் தன் பள்ளியைத் தானே பார்த்துக்கொள்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் பதிவு செய்தது. பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். வாத்தியாருக்கு நெல்லோ காசோ கொடுத்து வைத்துக்கொண்டது ஊர். ஆனால் எந்தப் பிள்ளை திண்ணையில் ஏறலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பெண் பிள்ளைகள் மிக அரிது. ஊரின் கையில் பள்ளி இருப்பது மட்டும் நியாயத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு அந்தக் காலமே சான்று. இன்றைய குழுவின் அமைப்பில் விகிதாசாரமும் பெண்களின் பங்கும் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் பள்ளிகளை நடத்தின. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டந்தோறும் கல்விக் கவுன்சில்களை ஏற்படுத்தியது. விடுதலைக்குப் பிறகு, 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தைத் தொடர்ந்து ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகி, தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்கு வந்தன. பள்ளிச் சுவரில் இன்றும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று எழுதியிருப்பது அதனால்தான். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஆசிரியர் கல்வித் துறைக்கும், கட்டடம் ஒன்றியத்துக்கும் என்று பிரிந்துபோன அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. மேலாண்மைக் குழுவின் பாதிச் சிக்கல்கள் இங்கிருந்தே பிறக்கின்றன.

ஊர் மக்களைப் பள்ளியோடு பெருமளவில் சேர்த்த முயற்சி காமராசர் ஆட்சியில் நடந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடந்தது. பள்ளிக்கு என்னென்ன குறை என்று முதலில் பட்டியல் எடுக்கப்படும். பிறகு ஊரார் கூடி நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று தங்களால் முடிந்ததைத் தருவார்கள். தேவைப் பட்டியலைத் தயாரிப்பதிலும் நன்கொடையாளரைத் தேடுவதிலும் முன்னின்றவர்கள் ஆசிரியர்கள். இப்போது மேலாண்மைக் குழு எழுதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு அந்தப் பட்டியலை முன்னோடி என்று சொல்லலாம். ஒரே வேறுபாடு, அன்று கொடையாகக் கேட்டதை இன்று உரிமையாகக் கேட்க முடிகிறது.

பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் 1960-களில் பரவின. 2000-க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் கிராமக் கல்விக் குழுக்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலிடம் இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் சாதாரணத் தாய் தகப்பனுக்குச் சட்டப்படியான பெரும்பான்மை கிடைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் சொல்வது

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுகளைச் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் தர வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். 22-ஆம் பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் கடமையைக் குழுவிடம் ஒப்படைக்கிறது. மானியம் ஒதுக்க அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது.

மத்திய அரசின் 2010 மாதிரி விதிகள் இதை விரித்துச் சொல்கின்றன. பெற்றோர் போக மிச்சமுள்ள கால் பங்கை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியை உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும், ஒரு பகுதியை ஆசிரியர்களுக்கும், ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர் அல்லது பள்ளிக் குழந்தைகளுக்கும் தருகின்றன. குழு மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும்; முடிவுகளை எழுதி வைத்து, யார் கேட்டாலும் காட்ட வேண்டும்; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குழுவைத் திருத்தி அமைக்க வேண்டும். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, அவர்மீது கற்பித்தல் சாராத வேலை சுமத்தப்படுகிறதா, மாற்றுத்திறன் குழந்தைக்கு வேண்டிய வசதி உண்டா, மதிய உணவு சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பது குழுவின் கடமை.

பல ஆண்டுகள் இவை காகிதத்தில் இருந்தன. 2022 மார்ச்சில் தமிழக அரசு ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டங்களைக் கூட்டிக் குழுக்களை மறுகட்டமைத்தது. 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர்கள், கல்வியாளர் அல்லது கல்வி ஆர்வலர் என்று மற்ற இடங்கள் நிரம்பின. 2024-இல் மீண்டும் மறுகட்டமைத்தபோது எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் முதன்முறையாக இடம் கிடைத்தது. ஊர்ப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, பல ஊர்களில் பணியாற்றிவிட்டு, ஓய்வுக்குப் பின் சொந்த ஊர் திரும்பியவர்களுக்கு இது இன்னொரு வாசல்.

பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்

ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவுக்குக் கொண்டுவரும் முதல் உதவி, பள்ளியின் பதிவேடுகளை வாசிக்கும் திறமை. வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் பெற்றோருக்கு அதில் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். பழகிய கண்ணுக்கு வேறொன்று தெரியும்: திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பையன், தம்பி பிறந்த மாதத்திலிருந்து அடிக்கடி விடுப்பு எடுக்கும் பெண், பருத்தி எடுப்புக் காலத்தில் மொத்தமாகக் காலியாகும் பின்வரிசை. சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களில் யார் ஆறாம் வகுப்பில் எங்கும் சேரவில்லை என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்குப் போய்ப் பேசவும் அவரால் முடியும். பல வீடுகளில் அப்பாவுக்கும் பாடம் நடத்தியவர் அவராகவே இருப்பார்.

இரண்டாவது உதவி, எண்களின் அர்த்தம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூவர்; 91 முதல் 120 வரை நால்வர். தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியிடங்களை ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கிறார்கள். 59 குழந்தைகளோடு நிற்கும் பள்ளிக்கும் 61 குழந்தைகள் உள்ள பள்ளிக்கும் வித்தியாசம் இரண்டு பிள்ளைகள். பலன் ஓர் ஆசிரியர். ஜூலைக்குள் ஊரில் பள்ளி வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுத்துச் சேர்த்துவிட வேண்டும் என்று மே மாதக் கூட்டத்திலேயே சொல்லக்கூடியவர், இந்த நிர்ணயத்தைப் பலமுறை சந்தித்த பழைய தலைமையாசிரியர்தான்.

மூன்றாவது, வழி தெரிந்திருப்பது. ஒன்றியப் பள்ளிக் கட்டடத்தில் ஓடு உடைந்தால் மனு போக வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலரின் அலுவலகம். ஆசிரியர் காலியிடம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். பயிற்சியும் கற்றல் பொருள்களும் வட்டார வள மையம். சத்துணவு சமூகநலத் துறைத் திட்டம். ஒன்றிய அலுவலகத்தில் அதற்கென்று தனிப் பிரிவு உண்டு. உயர்நிலைப் பள்ளியானால் முகவரிகள் மாறும். தவறான அலுவலகத்துக்குப் போன மனு அங்கிருந்து உரிய இடத்துக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். சில மனுக்கள் போய்ச் சேர்வதே இல்லை. எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் புதிதாகக் கற்க வேண்டிய அவசியம் இல்லாமல் செய்கிறது அனுபவம்.

குறை தீர்மானமாகும் விதம்

கூட்டத்தில் ஒரு தாய் சொல்கிறார்: “பொண்ணுங்க கக்கூஸ் சரியில்லைங்க சார். பிள்ளைங்க தண்ணியே குடிக்காம இருக்குதுங்க.” இந்தப் பேச்சு இப்படியே தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் ‘கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது’ என்று ஆகிவிடும். அத்தகைய வாசகத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யார், எப்போது, எதை என்ற எதுவும் அதில் இல்லை.

அனுபவமுள்ளவர் நான்கு கேள்விகள் கேட்பார். மொத்தம் எத்தனை கழிப்பறை? எத்தனை பயன்பாட்டில் இல்லை? கோளாறு தண்ணீரிலா, கதவிலா, குழியிலா? எப்போதிருந்து? பதில்கள் கிடைத்ததும் தீர்மானத்தின் உருவம் மாறிவிடும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: ‘மாணவியர் கழிப்பறை மூன்றில் இரண்டு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் உடைந்ததால் ஜூன் முதல் பயன்பாட்டில் இல்லை. பள்ளியில் மாணவியர் 48 பேர். குழாயை மாற்றப் பள்ளி மானியத்திலிருந்து செலவிடத் தீர்மானிக்கப்படுகிறது. பணியைத் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் இம்மாத இறுதிக்குள் முடித்து, அடுத்த கூட்டத்தில் ரசீதுடன் தெரிவிக்க வேண்டும்.’

முதல் தீர்மானம் ஒரு வேண்டுகோள். இரண்டாவதில் எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, பணம் எங்கிருந்து என்பது இருக்கிறது, பொறுப்பானவர் இருக்கிறார், நாள் இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் முதல் அலுவலும் தானாக அமைந்துவிடுகிறது: குழாய் மாற்றியாயிற்றா? தீர்மானங்களைப் பெற்றோர் செயலியில் பதிவேற்றும் ஏற்பாடு இப்போது உண்டு. தெளிவாக எழுதிய தீர்மானம் செயலியில் ஏறும்போது மாவட்ட அலுவலகத்திலும் அதை யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம்.

பள்ளியால் முடியாததை ஊராட்சிக்கு எடுத்துப் போக வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுற்றுச்சுவர், குடிநீர் இணைப்பு, பள்ளிக்குப் போகும் சாலை, தெருவிளக்கு ஆகியவற்றை மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலோடு கிராம சபையில் வைத்தால், ஒரே கோரிக்கைக்கு இரண்டு அவைகளின் பதிவு கிடைக்கும். நகலைத் தயாராக வைத்துக்கொள்வதும், பேசப்போகும் தாய்க்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்வதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் எளிதில் செய்யக்கூடியவை.

பணமும் திட்டமும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டு மானியம் உண்டு. 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய்; 100 பேர் வரை 25,000; 250 பேர் வரை 50,000; 1,000 பேர் வரை 75,000; அதற்கும் மேல் ஒரு லட்சம் என்பது அளவு. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பெரிய தொகை அல்ல. ஆனால் சுண்ணாம்பு, மின் கட்டணம், குழாய்ப் பழுது, விளையாட்டுப் பொருள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டியிருப்பதால், எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பதே குழுவின் உண்மையான அதிகாரம். வரவு செலவைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டும் வழக்கம் இருந்தால், எழுத்தறியாத உறுப்பினரும் கணக்குக் கேட்க முடியும்.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் இதைவிடப் பெரியது. மாதிரி விதிகளின்படி அது மூன்று ஆண்டுகளுக்கான திட்டம். ஒவ்வோர் ஆண்டுக்கும் துணைத் திட்டம் உண்டு. ஆண்டுவாரியாக எதிர்பார்க்கும் மாணவர் எண்ணிக்கை, அதற்கு வேண்டிய கூடுதல் ஆசிரியர்கள், கூடுதல் வகுப்பறைகள், தளவாடங்கள், அவற்றுக்கான செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதங்களுக்கு முன்பே, அதாவது டிசம்பருக்குள், திட்டம் தயாராக வேண்டும். ரஞ்சன்குடி வட்டாரத்துக்கு இந்தக் காலக்கெடு பொருத்தமானது. அறுவடை வேலை நெருக்குவதற்கு முன் பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்து முடித்துவிடலாம்.

ஊரில் ஆண்டுக்கு எத்தனை பிறப்பு, எத்தனை குடும்பங்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலை தேடிப் போகின்றன, எத்தனை பிள்ளைகள் வேனில் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது தெரியாமல் மூன்று ஆண்டுகளுக்கான மாணவர் எண்ணிக்கையை யாராலும் எழுத முடியாது. அங்கன்வாடிப் பதிவும் ஊர்க்காரரின் நினைவும் ஒன்றுசேர வேண்டிய இடம் இது. இடமாறுதலில் வந்து போகும் தலைமையாசிரியருக்குக் கடினமான இந்த வேலை, ஊரிலேயே இருக்கும் முன்னாள் ஆசிரியருக்குக் கைவந்தது.

2022-இல் குழுக்களுக்கு இன்னொரு பொறுப்பும் வந்தது. மாநிலம் முழுவதும் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக்களே நிரப்பிக்கொள்ள அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று ஊதியம் அறிவிக்கப்பட்டது. தெளிவான நெறிமுறை வேண்டும் என்று விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. தகுதியைச் சரிபார்ப்பதும் வேண்டியவரைப் புகுத்தாமல் தடுப்பதும் குழுவின் தலையில் விழுந்தபோது, பாடம் நடத்தச் சொல்லிப் பார்த்து மதிப்பிடத் தெரிந்த உறுப்பினரின் தேவை வெளிப்படையானது.

வரம்புகள்

இந்த இடத்துக்கு ஆபத்துகளும் உண்டு. அவற்றில் பெரியது, ஆசிரியரின் குரலே குழுவின் குரலாகிவிடுவது. வாழ்நாள் முழுவதும் பேசிப் பழகியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. கூலி வேலையை விட்டுவிட்டு வந்த தாய் “சார் சொன்னா சரிதாங்க” என்று எழுந்து போனால், நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்ற சட்டத்தின் கணக்குப் பொய்யாகிறது. பெற்றோர் எல்லாரும் பேசி முடித்த பிறகு கடைசியாகப் பேசுவது, பேசாதவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்பது, தீர்மானத்தைப் பேச்சுத் தமிழிலும் ஒருமுறை சொல்லிக் காட்டிச் சம்மதம் கேட்பது ஆகியவை இதற்கு மருந்து.

இரண்டாவது ஆபத்து, தொழில் பாசம். ஆசிரியர் தாமதமாக வருகிறார் என்ற புகார் வரும்போது, முன்னாள் சக ஊழியர் என்பதால் மூடி மறைக்கத் தோன்றும். இதற்கு நேர்மாறாக, தன் காலத்து முறையே சரி என்று இன்றைய ஆசிரியரின் வகுப்பில் குறுக்கிடும் பழக்கமும் உண்டு. எண்ணும் எழுத்தும் போன்ற புதிய முறைகள் 2022-இல் கீழ்வகுப்புகளுக்கு வந்தபின், மனப்பாடம் எங்கே, வாய்ப்பாடு எங்கே என்று கேட்கும் பெரியவர்கள் நிறைய. குழுவின் அதிகாரம் கண்காணிப்பதோடு நிற்கிறது. எப்படிக் கற்பிப்பது என்பது வகுப்பாசிரியரின் பொறுப்பு. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டி, பணியிலிருக்கும் ஆசிரியருக்காக வாதாடும்போது முன்னாள் ஆசிரியரின் சொல்லுக்கு எடை கூடும்.

மூன்றாவது, ஊரின் சாதி அடுக்கு. ஓய்வூதியமும் மரியாதையும் உள்ள ஒருவர், ஊர்த்தெருவில் இருப்பவரானால், காலனியிலிருந்து வரும் பெற்றோர் அவர் எதிரில் உட்காரத் தயங்கும் நிலை இன்னும் முழுதாக ஒழியவில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வகை நாற்காலி, வட்டமாக அமர்வது, ஆதிதிராவிடர் தெருப் பெற்றோர் எழுப்பும் பிரச்சினைக்கு நிகழ்ச்சி நிரலில் உரிய இடம் ஆகியவற்றை உறுதிப்படுத்த வேண்டிய பொறுப்பு, மரியாதை உள்ளவருக்கே அதிகம். ஆசிரியராக இருந்தபோது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர், பெற்றோர் கூட்டத்திலும் அதையே செய்ய வேண்டும்.

கூட்ட நேரமும் ஒரு வரம்பு. குழுக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. வெங்காயம் அரிகிற நாளிலோ நூறு நாள் வேலை நடக்கிற நாளிலோ மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தால் கூலி போகும். வேலை நாளை அனுசரித்து நேரத்தை மாற்றும்படி தலைமையாசிரியரிடம் பேசுவதும், வர முடியாதவர்களின் கருத்தை முதல்நாள் மாலையே வீட்டில் கேட்டு வருவதும் நேரம் உள்ளவரால் முடிந்த காரியம்.

பிற நாடுகளில்

உள்ளூர்ப் பள்ளி வாரியம் என்ற முறை பல நாடுகளில் பழையது. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியங்களை உருவாக்கியது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில், இந்த வாரியங்களுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் பெண்களால் முடிந்தது. அதே ஆண்டு லண்டன் வாரியத்துக்கு மருத்துவர் எலிசபெத் காரெட்டும் பெண்கல்விக்காகப் போராடிய எமிலி டேவிஸும் தேர்வானார்கள். பின்னர் அந்த வாரியங்கள் கலைக்கப்பட்டன. அமெரிக்காவில் பள்ளி வாரியம் ஒரு மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது. வரவு செலவுத் திட்டத்தையும் கண்காணிப்பாளர் நியமனத்தையும் முடிவு செய்வது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அங்கே தேர்தலில் நின்று வாக்குக் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் குழுவுக்கு நெருக்கமானது சிகாகோ நகரப் பள்ளிகளுக்காக இல்லினாய் மாநிலம் 1988-இல் சட்டமாக்கிய பள்ளிக் கவுன்சில். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனிக் கவுன்சில். ஆறு பெற்றோர், இரண்டு ஊர்ப் பிரதிநிதிகள், இரண்டு ஆசிரியர்கள், முதல்வர். பெற்றோருக்குப் பெரும்பான்மை என்பதில் இரண்டும் ஒன்று. ஆனால் சிகாகோவில் பள்ளி முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே கவுன்சிலிடம் இருந்தது. இங்கே நிரந்தர ஆசிரியர் நியமனமும் இடமாறுதலும் அரசின் கையில் உள்ளன. அதிகாரம் குறைவான இடத்தில் எழுத்தின் துல்லியமும் விடாமல் பின்தொடர்வதும்தான் வலிமை தரும். ஓய்வுபெற்ற ஆசிரியரின் பங்கு இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுவது இதனால்.

இரண்டு ஆண்டுகளில் செய்யக்கூடியது

ஒரு குழுவின் ஆயுள் இரண்டு ஆண்டுகள். அதற்குள் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் செய்து முடிக்கக்கூடிய காரியங்கள் தெளிவானவை. முதல் மூன்று மாதங்களில் ஊரின் பள்ளி வயதுக் குழந்தைகள் பட்டியலைப் பெயர் பெயராகத் தயாரித்து, பள்ளிக்கு வராதவர்களை அடையாளம் காண்பது. ஆகஸ்ட் 1-க்குள் சேர்க்கையை முடிக்க உதவுவது. டிசம்பருக்குள் மேம்பாட்டுத் திட்டத்தை எழுதி, உள்ளாட்சியிடமும் கல்வித் துறையிடமும் ஒப்புகைச் சீட்டோடு கொடுப்பது. ஒவ்வொரு கிராம சபையிலும் பள்ளிக்கென்று ஒரு தீர்மானமாவது இடம்பெறச் செய்வது. எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் நிற்காமல் அடுத்த பள்ளியில் சேர்ந்ததைச் சரிபார்ப்பது.

இவற்றோடு ஒன்று சேர வேண்டும்: தனக்குத் தெரிந்ததைக் குழுத் தலைவியான தாய்க்கும் மற்ற பெற்றோருக்கும் சொல்லிக் கொடுப்பது. தீர்மானம் எழுதும் முறை, மனு போக வேண்டிய அலுவலகங்கள், மானியக் கணக்கு, ஆசிரியர் எண்ணிக்கை அட்டவணை ஆகியவை நான்கைந்து கூட்டங்களில் கற்பிக்கக்கூடியவை. தலைவியே தீர்மானத்தைச் சொல்லி எழுதவைக்கும் நிலை வந்தால், அடுத்த குழுவில் அந்த ஆசிரியர் உறுப்பினராக இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. ஓய்வுபெற்றவரின் பணி இந்த அளவுக்கு வெற்றி பெறும்போதுதான், பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டம் பெயரிட்ட அமைப்பு பெற்றோரின் குழுவாக முழுமையடைகிறது.